கிளி லேபிள் ஒட்டிய லேப்டாப்

பானுப்பிரியாவின் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. டிவி உண்டு, மிக்ஸி உண்டு, சுவரில் போன வருஷத்துக் காலண்டர்கூட உண்டு. கண்ணாடி மட்டும் இல்லை. இருந்த ஒன்றையும், அவள் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே, அம்மா வேலுத்தாய் ஆணியோடு பிடுங்கி எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். எங்கே போட்டாய் என்று மகள் கேட்கவில்லை. சுவரில் அந்த ஆணி இருந்த ஓட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

லேப்டாப் வந்தபோது அதிலும் ஒரு கண் இருந்தது. திரைக்கு மேலே மிளகு அளவில் ஒரு கேமரா. பானுப்பிரியா பெட்டியைத் திறந்ததும் முதலில் அதைத்தான் அடைத்தாள். வீட்டில் பட்டாசு லேபிளுக்கா பஞ்சம்? அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கழிவு லேபிள் ஒன்றில் பச்சைக்கிளி படம் இருந்தது. கிளியை மட்டும் கத்தரித்துப் பசை தடவி அந்தக் கண்ணின்மேல் ஒட்டிவிட்டு, அப்புறம்தான் சுவிட்சையே போட்டாள்.

அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இது ஒன்றும் புதுக்கதை இல்லை. பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு விதி உண்டு. அன்றைக்குக் கலந்த வெடிமருந்தை அன்றைக்கே வெடிக்குழாய்களில் செலுத்தி முடித்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வைத்த மருந்தில் ஈரக்காற்று பட்டால் அது தானாகவே சூடேறும். சூடேறிவிட்டால் அப்புறம் யார் பேச்சையும் கேட்காது. விதி எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன? தீபாவளி சீசன். முந்தின நாள் மழைக்குப் பயந்து வேனைச் சீக்கிரம் கிளப்பிவிட்டார்கள். தட்டில் மருந்து மிச்சம் கிடந்தது. மறுநாள் காலையில் அதையே எடுத்து முன்னால் வைத்துச் செலுத்தச் சொன்னார்கள்.

பானுப்பிரியா அப்போது பிளஸ் டூ முடித்திருந்தாள். அடுத்த வருஷம் காலேஜில் சேரும்வரை சும்மா இருப்பானேன் என்று அம்மாதான் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்குத் தட்டைத் தொட்டவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"யம்மா, இந்தத் தட்டு சூடா இருக்கும்மா."

"சூடாவது ஒண்ணாவது. வேல செய்ய ஒடம்பு வணங்கலன்னா இப்படித்தான் ஒரு சாக்கு. வேலக்கள்ளி! இன்னும் ரெண்டு தட்டுத்தான் இருக்கு, முடிச்சிட்டு எந்திரி. லோடு நிக்குது."

சொல்லிவிட்டு, செலுத்தி முடித்த சரக்கை எடுத்துக்கொண்டு வேலுத்தாய் அடுத்த அறைக்குப் போனாள். போய்ச் சேர்வதற்குள் பின்னால் அறை இல்லை. வேலுத்தாய்மேல் ஒரு பொறி படவில்லை. புருவம்கூடக் கருகவில்லை. உள்ளே இருந்த மற்ற இரண்டு பெண்களும் அங்கேயே செத்துப்போனார்கள், பானுப்பிரியா முகம் வெந்து பிழைத்தாள். ஆக, அம்மாவும் மகளும் பேசிய அந்தப் பேச்சைக் கேட்டவர்களில் உலகத்தில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி சொன்னவள், இன்னொருத்தி கேட்டவள். இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் தின்று, ஏழு வருஷம் போய்விட்டது.

அப்பன் சுடலையைக் கேட்கிறீர்களா? மகள் முகத்தைப் பார்க்கத் தாங்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லி அழுதான். அழுதுகொண்டே திருப்பூருக்கு வண்டி ஏறினான். போனவன் போனவன்தான். பார்க்கத் தாங்காதவனுக்கு அங்கே வேறொரு குடும்பம் மட்டும் தாங்குகிறதாம், நல்ல மனுஷன்!

லேப்டாப்பை ஒரு தொண்டு அமைப்பு கொடுத்தது. புதுசு இல்லை, யாரோ பயன்படுத்திக் கழித்தது. அதற்கும் சூலக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு, மாலை மரியாதையோடு விழா எடுத்தார்கள். துப்பட்டாவால் முகத்தைச் சுற்றி மூடிக்கொண்டு பானுப்பிரியா மேடையேறினாள். போட்டோக்காரன் கேமராவைத் தாழ்த்திவிட்டு, "துணிய வெலக்கும்மா. மூஞ்சி தெரிஞ்சாத்தான குடுத்தவங்களுக்கு ஒரு திருப்தி" என்றான். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் விலக்கினாள். முன்வரிசையில் ஒருத்தி சட்டென்று தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். அன்றோடு பானுப்பிரியா பகலில் வெளியே வருவதை விட்டுவிட்டாள்.

ஆனால் அந்த லேப்டாப் அவளைக் காப்பாற்றியது. அதை இல்லையென்று சொல்லக் கூடாது. சென்னையிலிருந்த ஒரு கம்பெனியில், வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்தது. ஆன்லைனில் துணிமணி வாங்கி ஏமாந்தவர்கள் புகார் எழுதுவார்கள். அவர்களுக்குப் பதில் எழுதிச் சமாதானம் செய்ய வேண்டும். திரையில் 'பிரியா' என்ற பெயர் மட்டும்தான் வரும். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் சேலைச் சாயம் போன கோபத்தில் வந்தவன், அரைமணி நேரத்தில் குளிர்ந்துபோய், 'உங்க பேச்சு அழகா இருக்கு, நீங்களும் அப்படித்தான் இருப்பீங்க' என்று எழுதினான். பானுப்பிரியா ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினாள். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகத் தின்றாள்.

மேலே இருந்து வேலை வாங்குகிற எழில் என்பவரையும் அவள் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. எல்லாம் எழுத்துதான். உலகத்தில் அவள் முகத்தைக் கேட்காத இடம் அது ஒன்றுதான். அது போய்விட்டால் அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மாதத்தின் நடுவில் கம்பெனியிலிருந்து ஓர் அறிவிப்பு. எல்லோரும் தங்கள் கம்ப்யூட்டரை மாதக் கடைசிக்குள் புதுப் பதிப்புக்கு மாற்றிவிட வேண்டும். பழையதில் கம்பெனியின் புதுச் செயலி திறக்காது. மாற்ற முடியாதவர்கள் மதுரைக் கிளைக்கு நேரில் வந்து, மற்றவர்களோடு உட்கார்ந்து வேலை செய்யலாம்.

மதுரை! பஸ் ஏற வேண்டும். சாத்தூரில் இறங்கி மாற வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போவதைப் பார்க்க வேண்டும். போகும்போதும் வரும்போதும் அத்தனை கண்ணுக்கும் காட்சிப் பொருளாக வேண்டும். அதைவிடச் செத்துப்போகலாம் என்று பானுப்பிரியா நினைத்தாள். சும்மா பேச்சுக்கு நினைக்கவில்லை, நிஜமாகவே நினைத்தாள்.

அப்டேட்தானே, போட்டுவிட்டால் ஆச்சு. பகலெல்லாம் லேப்டாப்பில் வேலை ஓடும். அதனால் சாயங்காலம் வேலை முடிந்ததும் பட்டனை அமுக்கிவிட்டு, பொழுது மசங்குகிற நேரம் கண்மாய்க்கரைப் பக்கம் நடக்கக் கிளம்பினாள். ஆள் முகம் தெரியாத அந்த நேரம்தான் அவளுக்கு விடிகிற நேரம். அம்மா அதற்குள் கம்பெனி வேனில் வந்து இறங்கி, அடுப்பு வேலையை ஆரம்பித்திருப்பாள்.

திரும்பி வந்து பார்த்தால், 'அப்டேட் முடியவில்லை, மாற்றங்களைத் திரும்ப எடுக்கிறோம்' என்று திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த லேப்டாப்பில் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரில் கரன்ட் இருந்தால்தான் உயிர்.

"யம்மா, கரன்ட் போச்சா?"

"ஆமா, செத்த நேரம் போச்சு" என்றாள் வேலுத்தாய், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழைக்காலம். போகத்தான் செய்யும். பானுப்பிரியா மறுபடி முயன்றாள். அதற்கு முன் யூடியூபில் தேடித் தேடி என்னென்னவோ கற்றுக்கொண்டாள். பாதியில் இறங்கிக் கெட்டுப்போன கோப்புகளை எல்லாம் துடைத்தாள். அப்டேட்டைக் கவனிக்கிற சேவையை நிறுத்தித் திரும்பக் கிளப்பினாள். வைரஸ் தடுப்பைக் கழற்றினாள். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து வட்டில் பழுது இருக்கிறதா என்று சோதித்தாள். எல்லாம் சரி என்றது. மறுபடி போட்டுவிட்டுக் கண்மாய்க்குப் போய் வந்தாள். மறுபடி அதே வட்டம், அதே 'முடியவில்லை'. அன்றைக்கும் அம்மா கரன்ட் போனதாகச் சொன்னாள்.

வேறு வழியில்லாமல் லேப்டாப்பை விக்னேஷ்குமார் கடைக்கு அனுப்பினாள். அவன் அந்த ஊர்ப் பண்ணை வீட்டுப் பையன். வேலுத்தாயின் மாமனார் அவன் தாத்தா காட்டில் களை எடுத்தவர். இப்போது ஏழாயிரம்பண்ணை பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். வேலுத்தாய் லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனாள். போனை லவுட் ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்திருந்ததால், கடையில் நடந்தது அத்தனையும் வீட்டிலிருந்த மகளுக்குக் கேட்டது.

"ஏ வேலுத்தாயி, அங்கனயே நில்லு. மருந்து வாடையோட உள்ள வராத" என்றான் விக்னேஷ்குமார். தன் தாயைவிட மூத்தவளை அவன் பிறந்ததிலிருந்து இப்படித்தான் கூப்பிடுகிறான்.

"சரிங்க தம்பி. இது என்னமோ பாதியிலயே நின்னு போகுதாம், செத்த பாருங்க."

அவன் திறந்து பார்த்தான். கிளியைப் பார்த்ததும் சிரித்தான். "கேமராவ அடச்சு வச்சிருக்காளா? நல்ல வேல செஞ்சா, போ. எதிராளி பயந்துருவான்ல."

அம்மாவும் போனில் மகளும் பொறுத்துக்கொண்டார்கள். காரியம் ஆக வேண்டும் அல்லவா.

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு அவன் போனைப் பார்த்துப் பேசினான். "இந்தா பாரு, மிசின்ல ஒரு கோளாறும் இல்ல. கோளாறுன்னா எப்பவும் ஒரே எடத்துல போயி நிக்கும். இது ஒரு தடவ நாப்பதுல நிக்குது, ஒரு தடவ எழுபதுல நிக்குது. பாதியில கரன்ட் போயிருக்கு, அம்புட்டுத்தான். கொக்கி போட்டு எடுக்கிற கரன்ட்டு பின்ன எப்படி நிக்கும்?"

"எங்க வீட்டுல மீட்டர் இருக்குண்ணே" என்றாள் பானுப்பிரியா.

"ஓகோ, இருக்கட்டும், இருக்கட்டும். எடமும் பத்தல. கண்ட போட்டாவெல்லாம் சேத்து வச்சிருக்க." அவன் படங்களைத் திறந்துவிட்டான் என்று அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிறான் போல. "அட, நல்லாத்தான்டா இருந்திருக்கா! பழைய மூஞ்சிய வச்சு இனி என்ன செய்யப் போற? அழிச்சு விடு, மிசினாவது உருப்படும். இங்கன விட்டுட்டுப் போனா நானே அப்டேட்ட ஏத்தித் தாரேன்."

"யம்மா, அவர்ட்ட குடுத்துட்டு வராத. கொண்டா" என்றாள் பானுப்பிரியா.

ஆத்திரத்தில் அவன் சொன்னதில் எது உண்மை, எது நக்கல் என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. கரன்ட் என்று அவன் சொன்னது சாதித் திமிரில் சொன்னது என்று தள்ளிவிட்டாள். இடம் பத்தவில்லை என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். பாவி, அங்கேதான் தப்புச் செய்தாள். அந்தப் பயல் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான சேதி அந்தக் கரன்ட்தான்.

அன்றைக்கே உட்கார்ந்து அழித்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மஞ்சள் பாவாடையில் நிற்கிற படம். இருக்கன்குடிக் கோயிலில் வாய் நிறைய முறுக்கோடு சிரிக்கிற படம். பிளஸ் டூ கடைசி நாளில் கூட்டாளிகள் அவள் கன்னத்தில் மை பூசிய படம். போனில் எடுத்துப் பத்திரமாக லேப்டாப்பில் போட்டு வைத்தவை. வேறு எங்கேயும் கிடையாது. 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று மிசின் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள். மனுஷர் கேட்காத கேள்வியை மிசினாவது ஒரு தரம் கேட்டதே.

மாதம் முடிய ஒரு நாள் இருந்தது. சாயங்காலம் மூன்றாம் முறையாக அப்டேட்டைப் போட்டாள். இடம் தாராளமாக இருந்தது. எண்ணிக்கை கடகடவென்று ஏறியது. மனசு கொஞ்சம் லேசாகிக் கண்மாய்க்கரைக்கு நடந்தாள். திரும்பும்போது தெருமுனையிலேயே கால் நின்றுவிட்டது.

தெருவெல்லாம் வெளிச்சம். வீட்டுக்கு வீடு சீரியல் பாட்டு. எல்லார் வீட்டிலும் ட்யூப் லைட் எரிகிறது. அவள் வீடு மட்டும் இருட்டாக இருந்தது.

சத்தம் போடாமல் வாசலில் போய் நின்றாள். உள்ளே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வேலுத்தாய் நின்றாள். ஒரு கையில் பியூஸ் கட்டை. இன்னொரு கையின் புறங்கையை லேப்டாப்பின் அடியில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல.

"என்னம்மா செய்யுத?"

வேலுத்தாய் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சூடா இருந்துச்சுத்தா. தொட முடியல. உள்ள என்னமோ கிர்ர்ருன்னு கத்துது. செத்த ஆறட்டும், பெறகு போடுவோம்னு..."

விபத்துக்குப் பிறகு கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்கள். சந்தேகம் தட்டினால் முதலில் மெயினை அமத்து, யாரையும் கேட்காதே என்று போர்மேன் சொல்லிக் கொடுத்தார். வேலுத்தாய்க்கு அந்த வகுப்பில் மண்டையில் ஏறியது அது ஒன்றுதான். அன்று முதல் குக்கர், போன் சார்ஜர், மிக்ஸி, எதையும் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் அவள் தாண்டிப் போவதில்லை. மகளுக்கு அது பழகிப்போய்க் கண்ணில் படாமலே இருந்தது.

"மொத தடவையும் நீதானா?"

வேலுத்தாய் பியூஸ் கட்டையை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"கரன்ட் போகுதுன்னு கடக்காரன் சொன்னான்ல. ஒனக்குக் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா பிடுங்குன?"

"சூடா இருந்துச்சு பானு" என்று மறுபடியும் அதையே சொன்னாள் வேலுத்தாய்.

பானுப்பிரியா கதவைச் சாத்தினாள். துப்பட்டாவை உருவிக் கீழே எறிந்தாள். போனில் டார்ச்சைப் போட்டு, அந்த வெளிச்சத்தைத் தன் முகத்தில் தானே அடித்துக்கொண்டு அம்மாவுக்கு நேரே போய் நின்றாள்.

"அன்னிக்கும் சூடாத்தான் இருந்துச்சு. சொன்னேன்ல? வாயத் தொறந்து சொன்னேன்ல? அன்னிக்கு இந்தக் கை எங்கம்மா போச்சு?"

"பானு, வேண்டாம்த்தா..."

"வேலக்கள்ளின்னு சொன்னியே. இன்னும் ரெண்டு தட்டுத்தான்னு சொன்னியே. அந்த ரெண்டு தட்டையும் பாரு, நல்லா பாரு. இந்தக் கன்னம் ஒரு தட்டு. இந்தக் கன்னம் ஒரு தட்டு. முடிச்சிட்டு எந்திரின்னு சொன்ன. எந்திரிச்சுட்டேன், போதுமா?"

வேலுத்தாய் கண்ணை மூடினாள்.

"கண்ணத் தொற! ஒன் மூஞ்சிய நான் தெனமும் பாக்கேன்ல? ஒரு புருவங்கூடக் கருகாத மூஞ்சிய. சோறு போடும்போது பாக்கேன், தூங்கும்போது பாக்கேன். பாக்குந்தோறும் எனக்கு என்ன தோணும் தெரியுமா? அந்த ரூமுக்குள்ள நீ இருந்திருக்கணும்னு தோணும்."

ஏழு வருஷமாக அடைத்து வைத்தது. வந்துவிட்டது. அம்மா அழுவாள், மண்டையில் அடித்துக்கொள்வாள், காலில் விழுவாள் என்று பானுப்பிரியா எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் தேவலை. வேலுத்தாய் பியூஸ் கட்டையை எடுத்த இடத்தில் சொருகினாள். விளக்கு எரிந்தது. கதவைத் திறந்து வெளியே போய் உட்கார்ந்தாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள்தான் கடைசி நாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. வேலுத்தாய் ஏறவில்லை. பானுப்பிரியா எழிலுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போட்டுவிட்டு, பட்டப்பகலில் அப்டேட்டை ஆரம்பித்தாள். மீட்டர் பெட்டிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் கிட்ட வர முடியாது. வேலுத்தாயும் வரவில்லை. எதிரே, அடிபம்பைத் தாண்டி, வெயிலில் குத்தவைத்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் புகை கண்டால் ஆட்கள் போய் நிற்பார்களே, அந்தத் தூரத்தில்.

எண்ணிக்கை ஏறியது. பாதியைத் தாண்டியதும் உள்ளே இருந்த விசிறி கத்த ஆரம்பித்தது. பானுப்பிரியா கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது. அவள் கை அவளைக் கேட்காமலே பியூஸ் கட்டைப் பக்கம் போனது. சீ என்று இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். வெளியே அம்மா எழுந்து நிற்பது தெரிந்தது. அந்தத் தூரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. மகள் உடம்பு விறைத்ததைப் பார்த்தே எழுந்திருப்பாள். "வராத!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் பானுப்பிரியா. வேலுத்தாய் திரும்பவும் உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் அது முடிந்தது. விசிறி அடங்கியது. நீல நிறத்தில் புதுத் திரை விரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று பானுப்பிரியா வாய்விட்டே சொன்னாள். அவசர அவசரமாகக் கம்பெனியின் புதுச் செயலியை இறக்கித் திறந்தாள். பெயர் கேட்டது, கொடுத்தாள். ரகசியச் சொல் கேட்டது, கொடுத்தாள்.

அடுத்து ஒரு வெள்ளை வளையம் வந்தது. 'உங்கள் முகத்தை வளையத்துக்குள் காட்டவும். கேமராவை மறைக்க வேண்டாம்.'

எழிலுக்கு எழுதினாள். பதில் உடனே வந்தது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் ஆளை மாற்றி உட்கார வைக்கிறார்களாம். அதற்காகத்தான் இந்தப் புதுப் பதிப்பே. இன்று மாலைக்குள் முகத்தைப் பதிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மதுரை.

பானுப்பிரியா நகத்தால் கிளியைச் சுரண்டினாள். தலை ஒரு துண்டாகவும் வால் ஒரு துண்டாகவும் வந்தது. வளையத்துக்குள் ஏழு வருஷம் கழித்து அவள் தன்னைப் பார்த்தாள். அதை நான் எழுதப் போவதில்லை. அவளே கண்ணை எடுத்துவிட்டாள்.

வளையம் சிவப்பானது. 'முகம் எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்தில் உட்காரவும்.'

ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். துப்பட்டாவை எடுத்தாள். முடியை ஒதுக்கினாள். 'முகம் எதுவும் தெரியவில்லை.' திரையோடு ஒட்டிப் போனாள். 'முகம் எதுவும் தெரியவில்லை.' பஸ்ஸில் எழுந்து போகிறவள்கூட இவளுக்கு ஒரு மூஞ்சி இருப்பதைப் பார்த்துத்தானே எழுந்து போவாள். இந்த மிசினுக்கு அதுவும் இல்லை. பழைய படம் ஒன்றைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. இருந்ததை எல்லாம் அவளே அழித்துவிட்டாளே! யார் பியூஸைப் பிடுங்கியதற்காக எதை அழித்தோம் என்று நினைத்ததும், வாயில் துணியை அடைத்துக்கொண்டு ஓலமிட்டாள்.

சத்தம் கேட்டு வேலுத்தாய் ஓடி வந்தாள். என்ன ஏது என்று தெரியாமல் மகளின் தோளுக்குப் பின்னால் குனிந்து, முதலில் லேப்டாப்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். "என்னத்தா, சுட்டுருச்சா?" என்று திரையைப் பார்த்தாள்.

வளையம் பச்சையானது. 'நன்றி, பானுப்பிரியா. உங்கள் முகம் பதிவானது.'

சற்று நேரத்தில் எழிலிடமிருந்து சேதி வந்தது. 'பிரியா, போட்டோ வந்துவிட்டது. உங்களைப் பார்த்ததில் சந்தோஷம். நான் நினைத்ததைவிட வயசானவங்களா இருக்கீங்க!' கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

இப்போது வேலுத்தாய் பட்டாசு வேலைக்குப் போவதில்லை. போக முடியாது. அந்த வளையம் நாளில் எந்த நேரமும் வரும். வந்த நிமிஷத்தில் முகம் தெரியாவிட்டால் வேலை பூட்டிக்கொள்ளும். அதனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை லேப்டாப்புக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் அவளோடு பேசுவதில்லை. வளையம் வந்தால் மட்டும் நாற்காலியை ஒதுக்கி வழி விடுவாள்.

புதுப் பதிப்பு அந்தப் பழைய மிசினுக்குப் பாரம். முன்னைவிட அதிகமாகச் சூடாகிறது. மத்தியானமானால் விசிறி கத்தத் தொடங்கும். கத்தியதும் வேலுத்தாய்க்கு வேர்க்கும். மீட்டர் பெட்டியைப் பார்ப்பாள், மகளைப் பார்ப்பாள். புறங்கை மெல்ல எழுந்து லேப்டாப் பக்கம் நகரும். நேற்றும் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து வளையமும் வந்தது.

பானுப்பிரியா நாற்காலியை ஒதுக்கினாள். "கைய மடியில வை" என்றாள். "மூஞ்சிய மட்டும் காட்டு."

வேலுத்தாய் கையை மடியில் வைத்துக்கொண்டு காட்டினாள்.